தையல் இல்லாத பை

காலை ஷிஃப்ட் முடிந்து பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. கோமதி போய்விட்டாள். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம். சுரங்கத்துக் கன்ட்ரோல் ரூமில் என் பக்கத்து நாற்காலிக்காரி, என் வயதுக்காரி. முந்தின நாள் மாலைகூட, ஞாயிற்றுக்கிழமை பிச்சாவரம் போவது பற்றிப் போனில் பேசினாள்.

அவள் குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். துக்கத்துக்கு வந்த ஓர் அம்மாள் என் காதுபடவே சொன்னார்: "சக்கரைய வச்சிகினு துடுப்பு போட்டா இன்னா ஆவும்? தண்ணில அலைஞ்சிதான் போயி சேந்துடுச்சி." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவு வீடாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். இங்கே மூடப்போவதில்லை. அவளை அறிந்தவர்களே, கொஞ்சம் கேளுங்கள்.

கோமதி தாமிரபரணிக்கரையில் பிறந்தவள். கல்லூரி நாளிலிருந்தே தினமும் இன்சுலின் ஊசி. அதற்காக எதையும் விட்டவள் இல்லை. டவுன்ஷிப்பில் நாங்கள் நாலைந்து பேர் வார விடுமுறையில் பிச்சாவரம் போய், கயாக் என்கிற ஒல்லிப் படகை வாடகைக்கு எடுத்துத் துடுப்புப் போடுவோம். துடுப்புப் போட்டால் அவளுக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும். டாக்டர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். குளுக்கோஸும் சர்க்கரை பார்க்கும் மிஷினும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில், நனையாமல் இருக்க வேண்டும். ஆக, அவள் படகில் ஏறுவதும் ஏறாததும் ஒரு பையின் கையில் இருந்தது.

முதல் பையை நாங்கள் எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். சுரங்கத்து ஆட்களுக்குத் தடிமனாக இருந்தால்தான் நம்பிக்கை. பண்ருட்டியில் லாரித் தார்ப்பாய் தைக்கும் கடையில் சொல்லி, இரட்டைத் தையல் போட்டு ஒன்று வாங்கினோம். காலிப் பையே ஒரு சுமை. "யானை மிதிச்சாலும் தாங்கும்" என்றார் கடைக்காரர். பிச்சாவரத்தில் யானை வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. படகின் அடியில் தேங்கிய உப்புத் தண்ணீரில் பை உட்கார்ந்திருந்தது. கோமதிக்குச் சர்க்கரை இறங்கிக் கை நடுங்க, பையைத் திறந்து பார்த்தால், குளுக்கோஸ் உப்புக்கூழாகிவிட்டது, மிஷின் செத்துவிட்டது. பக்கத்துச் சுற்றுலாப் படகில் ஒரு குழந்தை குடித்துக்கொண்டிருந்த ஜூஸைக் கெஞ்சி வாங்கிக் கொடுத்தோம். அவள் கணவர் முருகேசன் அதிகம் பேசாதவர். நடந்ததைக் கேட்டதும் ஒரே பேச்சாக முடித்துவிட்டார். "போதும். இனிமே கரையில உக்காந்து பாரு."

ஒரு மாதம் உட்கார்ந்தாள். எங்களுடன் வருவாள், கரையில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருப்பாள். அந்த முகத்தை எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. பிறகு ஒருநாள் கேன்டீனில் அந்தத் தார்ப்பாய்ப் பையை மேசைமேல் போட்டாள்.

"ஏட்டி தனம், தண்ணி துணி வழியா வரல. தையல் வழியா வந்திருக்கு. ஊசி குத்துன இடமெல்லாம் ஓட்டைதான?"

"அப்போ தைக்காம எப்பிடிடி பை பண்ணுவாங்க?"

"சூடு வச்சு ஒட்டுவாங்கட்டி. அதத்தான் தேடப்போறேன்."

ஆன்லைனில் மூன்று பைகள் வரவழைத்தாள். ஒவ்வொன்றிலும் பழைய செய்தித்தாளைத் திணித்து, பக்கெட் தண்ணீரில் அமுக்கி, மேலே செங்கல் வைத்தாள். ஜிப் வைத்த பை முதலில் தோற்றது. இரண்டாவதில் ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. ஆனாலும் தள்ளிவிட்டாள். அதன் கொக்கி விறைப்பாக இருந்தது. நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் கேட்டதற்கு, "கை நடுங்கும்போது திறக்கணும்ட்டி. நல்லா இருக்கும்போது எந்தப் பையையும் திறந்திரலாம்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் திறந்து பார்த்துத்தான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள். வாயைச் சுருட்டி மடித்துப் பூட்டுகிற ஆரஞ்சு நிறப் பை. கையில் எடுத்தால் எடையே தெரியாது.

"மழைக்கோட்டுத் துணி மாதிரி இருக்கு. இத நம்பியா போற?" என்றார் முருகேசன். கோமதி அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள், ஆரஞ்சுப் பைக்குள் போட்டாள், மூன்று மடிப்பு மடித்துப் பூட்டி பக்கெட்டுக்குள் அமுக்கிவிட்டாள். மனிதர் பதறி எழுந்தார். அவள் நிதானமாகத் தன் போனிலிருந்து கூப்பிட்டாள். தண்ணீருக்குள்ளிருந்து மணி அடித்தது. முருகேசன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "சரி, போயிட்டு வா" என்றார்.

அடுத்த பயணத்தில், கால்வாய் முடிந்து அகலமான தண்ணீர் தொடங்கும் இடத்தில், ஒரு மோட்டார் படகின் அலை எங்களைக் கவிழ்த்தது. மார்பளவுத் தண்ணீர். மூச்சு வாங்கி நிமிர்ந்தால், பை மிதந்துகொண்டிருந்தது. மிதக்கட்டும் என்று கொஞ்சம் காற்றை உள்ளே விட்டுத்தான் மடித்திருந்தாளாம். நடுங்கும் கையாலேயே திறந்தாள். குளுக்கோஸை வாயில் கொட்டிக்கொண்டாள். நடுக்கம் அடங்கியதும் பைக்குள் இருந்த பிஸ்கட் பாக்கெட்டை எங்கள் பக்கம் நீட்டினாள். "பிஸ்கட் மொறுமொறுன்னு இருக்கு, எடுத்துக்கோங்க." நாங்கள் தண்ணீரில் நின்றபடியே தின்றோம். அதன்பிறகு அவள் விட்ட ஞாயிற்றுக்கிழமைகள் மிகக் குறைவு.

கருமாதி அன்று அதே அம்மாள் அதே பேச்சை எடுத்தார். நான் வாயைத் திறக்குமுன் முருகேசன் திரும்பினார். அவர் குரல் உயரவேயில்லை.

"இல்லைங்கம்மா. பயந்துபோய் நான் அவளைக் கரையில உக்கார வச்சேன், ஒரு மாசம். அந்த ஒரு மாசந்தாங்க அவ நோயாளியா இருந்தா."

எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

எனக்கும் போன மாதம் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் இனி அடங்கி இரு என்கிறார்கள். கோமதியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: மாத்திரையைப் பைக்குள் நனையாமல் மடித்து எடுத்துக்கொண்டு படகில் ஏறுவது. இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம். முருகேசனும் வருகிறார்.