ஷேடு மாஸ்டரின் வெள்ளை மெழுகுவர்த்தி

காய்ச்சிய மெழுகின் சூட்டை சோணைமுத்து விரலால் தொட்டுப் பார்க்க மாட்டார். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை முழங்கையின் உள்மடிப்பில் விட்டுக்கொண்டு, கண்ணை மூடி, "இன்னுங் கொஞ்சம் ஆறட்டும்" என்பார். சற்றுப் பொறுத்து இன்னொரு சொட்டு. பத்தொன்பது வருடம் சாயத் தொட்டியில் ஊறிய விரல்கள் அவருடையவை. நுனியில் உணர்ச்சியே இல்லை. மெழுகு வார்க்கிற நாட்களில் அந்த முழங்கை மடிப்பு அம்மை போட்டதுபோல் புள்ளி புள்ளியாகச் சிவந்திருக்கும்.

அருள்புரத்தில் என் ஸ்டிக்கர் அச்சகத்துக்குப் பின்னால் ஆறு லைன் வீடுகள் இருக்கின்றன. கடைசி வீடு அவருடையது. மானாமதுரைப் பக்கத்துக்காரர். ஒரு சாயப்பட்டறையில் ஷேடு மாஸ்டராக இருந்தார். பனியன் துணி கேட்ட நிறத்தில்தான் வந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலை. ட்யூப்லைட்டை நம்பவே மாட்டார். துணித்துண்டை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்து, "செவப்பு ஒரு பொட்டு கூடிருச்சு" என்று சொன்னால் அது கூடித்தான் இருக்கும். கம்ப்யூட்டர் மெஷின் வந்த பிறகும் முதலாளி இவரைத்தான் கடைசியாகக் கூப்பிடுவார்.

2008 தொடக்கத்தில் இரண்டு கைத்தோலும் வெடித்து ரத்தம் கசிய ஆரம்பித்தது. இனிமேல் சாயத்தின் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாற்பத்தாறு வயதில், தெரிந்த ஒரே தொழில் கையை விட்டுப் போயிற்று. மனைவி கருத்தம்மா சேர்ந்திருந்த மகளிர் குழுவில் அந்தச் சமயம் பார்த்து மெழுகுவர்த்திப் பயிற்சி வைத்தார்கள். மின்வெட்டு கொடிகட்டிப் பறந்த வருடம் அது. மெழுகுவர்த்தி இல்லாத வீடே கிடையாது. கருத்தம்மாவுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அவள் பெயரில் இவர் போய் உட்கார்ந்துவிட்டார்.

பதினேழு பெண்கள், நடுவில் ஒரு மீசை. பயிற்சி கொடுத்த சித்ரகலா வருகைப்பதிவை வாசித்து "கருத்தம்மா" என்றதும், அந்த மீசைதான் "இருக்கேன்" என்றது. "கருத்தம்மாங்கறது நீங்களாங்ண்ணா?" என்று சித்ரகலா கேட்க, கூடம் முழுக்கச் சிரிப்பு. சோணைமுத்து கொஞ்சமும் கூச்சப்படவில்லை. அச்சுக்கு எண்ணெய் தடவுவது, திரிநூலை இழுத்துக் கட்டுவது, மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குவது எல்லாவற்றையும் மூன்றே நாளில் பிடித்துக்கொண்டார். கேள்வி கேட்டுக் கேட்டே அந்த அம்மாளைத் தண்ணீர் குடிக்க வைத்ததாகக் கேள்வி.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் காது கொடுக்கவில்லை. "மெழுகுக்குன்னு தனிக் கலர் இருக்குதுங்ண்ணா, அதத்தான் போடோணும்" என்று சித்ரகலா சொன்னபோது, "கலரப் பத்தி எனக்கே சொல்றீங்களாம்மா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிட்டார். பழைய பட்டறையிலிருந்து துணிச்சாயத் தூளை ஒரு பொட்டலம் வாங்கிவந்து, எண்ணெய் விட்டு மை போல அரைத்து மெழுகில் கலக்கினார். விடிகாலை வானம் போல் ஒரு நீலம் வந்தது. அதை வெயிலில் பார்த்து "பிரமாதம்!" என்று சொன்ன முதல் ஆள் நான்தான். அதே நீலத்தில் லேபிளும் அடித்துக் கொடுத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கோளாறு. நிறம் சரியாக விழுந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஜாதி. இரண்டு நிமிடம் எரித்துப் பார்த்தோம், ஊதி அணைத்தோம், பெட்டியில் அடுக்கினோம்.

மூன்றாவது வீட்டில் இருப்பவர் விஜயராணி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, ராமநாதபுரத்துப் பெண். முந்தின வருடம் கணவரை இழந்தவர். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குத் தானும் அந்த நீல மெழுகுவர்த்தி வாங்கி, தன்னோடு மாதா கோவிலுக்கு வருகிறவர்களையும் வாங்க வைத்தார். மறுநாள் காலை சோணைமுத்துவின் வாசலில் வந்து நின்றார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"மூணு தடவ பத்த வச்சேண்ணே. நிக்கவே இல்ல. சாமியார் செபம் சொல்லி முடிக்கிற வரைக்கும் தீப்பெட்டியும் கையுமாவே இருந்தேன். அவருக்காக ஒரு வார்த்த செபிக்க முடியல."

சாயத்தூள் மெழுகில் கரையாது. எரிய எரியத் திரியைச் சுற்றிச் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அன்று கல்லறைத் தோட்டத்தில் எண்பது மெழுகுவர்த்திகள் அப்படித்தான் செத்தன. ஓர் ஆள் வாய்விட்டு அழுவதை விடக் கஷ்டமான காட்சி, சோணைமுத்து மீதிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொளுத்தி, ஒவ்வொன்றும் அணைவதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். நான் லேபிள்களைக் கிழித்துப் போட்டேன். வேறென்ன செய்ய?

மறுபடியும் சித்ரகலாவிடம் போய்த் தரையில் உட்கார்ந்தார் மனிதர். அதற்கப்புறம் அவர் கற்றுக்கொண்ட விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்பாக இருக்கிறது. நிறத்தையே விட்டுவிட்டார். பத்தொன்பது வருடம் ஆயிரம் நிறம் பார்த்த ஆள், வெறும் வெள்ளை மட்டும் வார்த்தார். கேட்டதற்கு, "வெள்ளைலதான் சார் குத்தம் ஒளியாது" என்றார். திரி மெலிந்தால் உருகிய மெழுகில் மூழ்கிவிடும், தடித்தால் புகை கக்கும். எத்தனை இழை என்று கண்டுபிடிக்க மட்டும் நான்கு மாதம் ஆயிற்று. சாயப்பட்டறை வழக்கத்தை விடவில்லை: துணித்துண்டு ஒட்டுகிற அட்டைகளில் கருகிய திரி முனைகளை ஒட்டி, கீழே "ஃபெயில்", "ஃபெயில்", "பாஸ்" என்று எழுதி வைத்தார். ஒவ்வொரு வார்ப்பிலும் ஒன்றை அடிவரை எரித்துப் பார்க்காமல் பெட்டி கட்டுவதில்லை. கல்லறைத் தோட்டத்தில் காற்று வீசுமே என்று டேபிள் ஃபேனைத் தள்ளி வைத்து அதன் எதிரிலும் எரிப்பார். கரண்ட் இருக்கிற நேரத்தில் விளக்கை அணைத்துவிட்டு ஃபேனைப் போட்டுக்கொண்டு மெழுகுவர்த்தி முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து லைன் வீடே தலையில் அடித்துக்கொண்டது.

அவர் மெழுகுவர்த்தி அருள்புரத்துக் கடைகளில் ஏறிவிட்டது. ஆனால் அவருக்கு அது போதவில்லை. 2009 கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், ஒரே ஒரு வெள்ளை மெழுகுவர்த்தியோடு விஜயராணி வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தங்கச்சி, காத்துல வச்சுப் பாத்துட்டேன். ஒண்ணர மணி நேரம் நிக்கும்."

விஜயராணி வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "பாப்போம்ணே" என்றார், அவ்வளவுதான். சாயங்காலம் கடைக்குப் போய் வேறு மெழுகுவர்த்தி ஒரு பாக்கெட்டும் புதுத் தீப்பெட்டியும் வாங்கி வந்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். அந்த அம்மாளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

மறுநாள் என் மொபெட்டில் சோணைமுத்துவைக் கூட்டிப் போனேன். உள்ளே வரமாட்டேன் என்று கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்றுகொண்டார். சுவர் இடுப்பளவுதான், எல்லாம் தெரியும். நல்ல காற்று. பூ மாலைகளெல்லாம் படபடத்தன. விஜயராணி கணவரின் கல்லறையில் இவர் கொடுத்ததை நட்டுக் கொளுத்தினார். தீப்பெட்டியைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். சுடர் சாய்ந்தது, குனிந்தது, நிமிர்ந்தது. சாமியார் செபத்தை ஆரம்பித்தார். நான் மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சோணைமுத்து அந்தத் தீப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்காருங்கள் என்று இரண்டு முறை சொல்லியும் கேட்கவில்லை.

பக்கத்துக் கல்லறையில் யாருடைய மெழுகுவர்த்தியோ காற்றில் அணைந்தது. அந்த வீட்டுக்காரர்கள் நெருப்புக்குச் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். விஜயராணி கையிலிருந்த தீப்பெட்டியை அவர்களிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு, திரும்ப வாங்கக் காத்திராமல், முட்டி போட்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

சோணைமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, புழுதியில் கால் நீட்டி உட்கார்ந்தார்.