சூலூர்ப் பண்ணையில் தலையைத் தூக்கிய குதிரை

ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சூலூர் பக்கம் ஒரு குதிரைப் பண்ணைக்கு டிரெஸ்ஸாஜ் பாடம் எடுத்துக்கொள்ளப் போனேன். ஏறியிருப்பவரின் கை கால் அசைவது வெளியே தெரியாமல் குதிரை வட்டமடிக்க வேண்டும், நிற்க வேண்டும், பக்கவாட்டில் நடக்க வேண்டும். அதுதான் டிரெஸ்ஸாஜ். நாற்பத்தாறு வயதில் இது எதற்கு என்று வீட்டில் சிரித்தார்கள். எனக்கு ஆசை, அவ்வளவுதான்.

சரவணம்பட்டியிலிருந்து காலை 5.40க்குக் கிளம்பினேன். நீலாம்பூர் வழியாக 26 கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டர் தென்னந்தோப்புக்குள் மண் பாதை. மழை பெய்திருந்தால் கார் வேண்டாம். 6.30க்குப் போய்ச் சேர்ந்தேன்.

எனக்குக் கொடுத்தது மல்லி என்ற பெண்குதிரை. பண்ணை முதலாளி கார்த்திதான் பயிற்சியாளரும். “மூணு மாசமா அடம் புடிக்குதுங்க சார். நீங்க ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க. சரிப்படலீன்னா அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கு அனுப்பிப் போடலாம்னு இருக்கறேன்” என்றார். பாடத்துக்கு வந்தவனை நீதிபதியாக்கிவிட்டார். எனக்கும் அது பெருமையாகவே இருந்தது. வெட்கக்கேடு.

கடிவாள வாரைத் தொட்டதுமே மல்லி தலையை மேலே தூக்கியது. வாயிலிருந்த கம்பியைக் கடித்து இழுத்தது, பின்னுக்கு நடந்தது. “இழுத்துப் புடிங்க சார், உடாதீங்க” என்று கார்த்தி மைதானத்தின் நடுவில் நின்று கத்தினார். முக்கால் மணி நேரம் இழுத்துப் பிடித்தேன். இருபதாவது நிமிடத்திலேயே ஏதோ சரியில்லை என்று என் கைக்குத் தெரிந்தது. இறங்கிவிடலாம் என்று சொன்னால் அவர் மனம் கோணுமே என்று சொல்லவில்லை. இறங்கியதும், “எப்படிங்க சார்?” என்றார்.

“பாடமெல்லாம் அருமைங்க. குதிரைதான் கொஞ்சம் அடமுங்க.”

மல்லியைக் கட்ட லாயத்துக்குப் போனேன். குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் முருகேசன் கடிவாளத்தைக் கழற்றினார். நுரையில் ரத்தம். மல்லியின் வாயை விரித்துக் காட்டினார். கம்பி படும் இடத்தில் ஒரு பல் உடைந்து கூராக நின்றது, ஈறு கிழிந்திருந்தது.

“ஏனுங்ண்ணா, நான் ஏறுறப்பவே சொல்லியிருக்கலாமில்லைங்க?”

“மொதலாளிகிட்ட ஒருக்காச் சொன்னனுங்க, பாக்கலாம்னாரு. நீங்க காசு கட்டி ஆசையா வந்திருக்கறீங்க, மூஞ்சிக்கு நேரா எப்படிங்க சொல்றது?”

அவரைத் திட்ட எனக்கு வாயில்லை. நானும் முகத்துக்கு நேராகச் சொல்லாத அதே ஊர்க்காரன்தானே. நாங்கள் மூவரும் ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்காமல் பார்த்துக்கொண்டோம், ரத்தம் வந்தது மல்லியின் வாயில். நேராகக் கார்த்தியிடம் போய்ப் பல் விஷயத்தைச் சொன்னேன். “அதெல்லாம் பாத்துக்கலாமுங்க சார், காப்பி குடிங்க” என்றார். குடித்தேன். உட்கார்ந்து சண்டை போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

புதன்கிழமை போன் செய்தேன், கால்நடை மருத்துவரை நானே கூட்டி வருகிறேன் என்று சொல்ல. மல்லியை முந்தின நாளே வண்டி ஏற்றியாகிவிட்டது. வாங்கினவர் யாரென்று தரகருக்குத்தான் தெரியுமாம். “நீங்களே அடமுன்னு சொன்னீங்களேங்க சார்” என்றார் கார்த்தி, அதே மரியாதையோடு.

போக நினைப்பவர்களுக்கு: முக்கால் மணி நேரத்துக்கு 1,500 ரூபாய். ஹெல்மெட் கொடுப்பார்கள், குதிகால் வைத்த ஷூ நீங்களே கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் கடை எதுவும் இல்லை, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன் குதிரையின் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தலையைத் தூக்கினால் உடனே இறங்குங்கள். பயிற்சியாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நான் இறங்கவில்லை. அந்தப் பல்லோடு மல்லி இப்போது எங்கோ தலையைத் தூக்கிக்கொண்டிருக்கும், யாரோ இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.