உப்புப் பார்த்தவர்

என் அக்கா வீட்டுக்காரரை எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாது. அதை மூடி மறைத்துப் பேச எனக்குத் தெரியாது. ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் அவருக்குச் செக்கர் வேலை. தைத்து வருகிற சட்டையை விளக்கின் கீழே விரித்துப் போட்டு, காலர், கைமடிப்பு, பட்டன் துளை என்று கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்ப்பார். எங்கே தையல் விட்டிருக்கிறதோ அங்கே சின்னதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவார். தைக்கிற பெண்கள் அவரை வாயாரத் திட்டுவார்கள். சரி, அது பிழைப்பு. மனுஷன் அந்த ஸ்டிக்கரைக் கம்பெனி வாசலிலேயே விட்டுவிட்டு வரலாம் இல்லையா? வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

அக்கா எதைச் செய்தாலும் அதில் ஒரு நொட்டை. குளிர்காலத்தில் அவர்கள் வீட்டில் பெரும்பாலும் காய்கறி சூப்பும் ரொட்டியும்தான். ஒரு வாய் குடித்ததும் உப்புக் கம்மி என்பார். மறுநாள் மிளகு தூக்கல். அதற்கடுத்த நாள் கேரட்டை ஒரே அளவாக நறுக்கவில்லை. சூப்பில் கிடக்கிற கேரட்டுக்கு என்ன அளவு, அதென்ன கப்பலேறப் போகிறதா என்று ஒருநாள் கேட்டே விட்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் கிண்ணத்தை வழித்துக் குடித்திருந்தார். அக்கா சிரித்தாள். அவர் குறை சொன்னால் கவனித்துச் சாப்பிட்டார் என்று அர்த்தமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன மழைக்காலத்தில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் செக்கரையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டார். திறந்து பார்த்தோம், எடுக்க முடியாத இடம், அப்படியே தைத்துவிட்டோம், பனிக்காலம் முடிகிறவரை இருந்தால் பெரிது என்றார். வராந்தாவுக்கு வந்ததும் செக்கர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் என் கையைத் தொட்டதில்லை.

"அவகிட்ட மூச்சு விடாதம்மா. கட்டிய எடுத்தாச்சுன்னே இருக்கட்டும். நிம்மதியா இருப்பா."

எனக்கு மனசே இல்லை. ஆனாலும் தலையாட்டித் தொலைத்தேன்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மனுஷன் ஆளே மாறிப்போனார். அக்காவுக்குத் துணையாக நானும் அங்கேயே தங்கியதால் சமையல் என் கைக்கு வந்திருந்தது. அக்கா எப்போதாவது எழுந்து வந்து ஒரு டீ போட்டால்கூட, ஆகா, பிரமாதம் என்பார். நடிக்கத் தெரியாதவர் நடித்தால் பார்க்கிற நமக்கல்லவா கூச்சமாக இருக்கிறது! அக்கா ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள்.

பனிக்காலத்தில் ஒருநாள் சாயங்காலமே குளிர் எலும்புவரை ஏறிவிட்டது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து தெரு தெரியவில்லை. இன்றைக்கு நான்தான் சூப் வைப்பேன் என்று அக்கா ஒரே அடம். அடுப்புப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கினாள். கேரட், பீன்ஸ், கோஸ் எல்லாம் அவளே நறுக்கினாள். துண்டுகள் கோணல்மாணலாக விழுந்தன, கையில் அவ்வளவுதான் தெம்பு. தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு மிளகு தட்டிப் போட்டாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

செக்கர் வேலையிலிருந்து வந்து மப்ளரைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். அக்கா அவருக்கும் எனக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவர் ஒரு வாய் குடித்தார்.

"ரொம்ப நல்லாருக்கும்மா. இப்படி நீ வச்சதே இல்ல."

நானும் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தேன். வெறும் காய் வெந்த தண்ணீர். ஒரு கல் உப்பு இல்லை. மறதியாக விட்டிருப்பாளோ என்று அவளைப் பார்த்தேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அடுத்த ஸ்பூனையும் குடித்துத் தலையாட்டினார்.

"நான் உப்பே போடலைங்க," என்றாள் அக்கா.

அவர் கை அப்படியே நின்றது.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு நாளாவது நல்லாருக்குன்னு சொல்லியிருக்கீங்களா? ஆஸ்பத்திரிலேருந்து வந்தப்புறம் தெனமும் சொல்றீங்க. கட்டிய எடுக்கலதானே?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன். இதற்குமேல் என்ன பொய் சொல்வது?

"எடுக்க முடியலம்மா," என்றார். டாக்டர் சொன்னதையெல்லாம் அப்புறம் ஒன்றுவிடாமல் சொன்னார், பனிக்காலக் கணக்கு உட்பட. சொல்லும்போது கட்டைவிரல் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது, சட்டையில் தையலைத் தேடுகிற மாதிரி. நான்தான் அழுதேன். அக்கா அழவில்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம், இத்தனை நாள் தனியாகக் கிடந்து யோசித்துக்கொண்டிருந்தேன் என்றாள்.

பிறகு மேஜையைப் பிடித்து எழுந்தாள். எங்கள் கிண்ணங்களில் இருந்ததைப் பாத்திரத்தில் திரும்ப ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள்.

"வாங்க, உப்புப் பாருங்க. இனிமே உள்ளதச் சொல்லணும்."

ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, அவர் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டாள். கம்மி என்றார். இன்னொரு சிட்டிகை. அதற்கும் கம்மிதான். அடுத்த தடவை என் கையிலும் விட்டாள். உப்புச் சரியாக இருந்தது, அவருக்கா அது தெரியாது? ஆனாலும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும் கையை நீட்டினார். சரியாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"போதுங்க," என்று அக்காதான் சொன்னாள். உப்பு டப்பாவை மூடிவிட்டு, கிண்ணங்களை எடுத்து வைக்கச் சொன்னாள்.