ஏழு மில்லிமீட்டர் பொறாமை

போன ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்குப் போயிருந்தேன். நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம். கடையில் எடுப்பதைவிடத் தறிக்காரர் வீட்டிலேயே நேராகப் பட்டு எடுத்தால்தான் மனசுக்குத் திருப்தி என்று நாத்தனார் ஒரே பிடிவாதம். அவர் விசாரித்து வைத்திருந்த தெருவின் பெயரைக் கேட்டதும் என்ன சாக்குச் சொல்லி நழுவலாம் என்று யோசித்தேன். அப்புறம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தத் தெருவில் எத்தனையோ வீடு... அந்த வீடாகவா இருக்கப்போகிறது?

அந்த வீடாகத்தான் இருந்தது.

குரல் கொடுத்ததும் உள்ளேயிருந்து வந்தவள் தனபாக்கியம். கல்லூரியில் என்னோடு படித்தவள். சென்னையில் வேலை. லீவுக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

"இன்னா களம்பூரு... நல்லாகீறியா?" என்றாள். களம்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள் என்பதால் கல்லூரியில் எனக்கு அதுதான் பெயர்.

பல வருஷம் கழித்துச் சிநேகிதியைப் பார்த்தால் ஒரு மனுஷிக்கு முதலில் என்ன வர வேண்டும்? சந்தோஷம்தானே. எனக்கு வந்தது வேறு. இவளுக்கு ஒரு நரைகூட இல்லையே என்று பற்றிக்கொண்டு வந்தது. எனக்குக் காதோரம் மட்டும் எட்டு. எண்ணி வைத்திருக்கிறேன்.

வாசகர்களிடம் மறைப்பானேன்? நான் பொறாமைக்காரி. இந்த வியாதி எனக்கு எப்போது பிடித்தது என்றுகூடச் சொல்ல முடியும். பி.ஏ. முதல் வருஷம், ஆடி மாதம், ஈரப்பதப் பாடம் நடந்த அன்று.

கல்லூரி ஆரணியின் ஊரோரத்தில் இருந்தது. பெயர் வேண்டாம். இந்தக் கதையில் எனக்கு வரப்போகிற அவமானமே போதும், கல்லூரிக்கு எதற்கு? புவியியலில் எங்களுக்கு முதல் தாள் 'வானிலையும் காலநிலையும்'. பாடம் எடுத்த சார் ஒல்லியாக இருப்பார், சைக்கிளில் வருவார், கத்திக் கத்திப் பாடம் நடத்துவார். முதல் நாளே சொல்லிவிட்டார்:

"இன்னைக்கு மழை பெய்யுதா இல்லையாங்கறது வானிலை. முப்பது வருஷம் எழுதி வச்சு சராசரி பார்த்தாத்தான் காலநிலை. ஒரு நாள் பார்த்துட்டு ஊரைப் பத்திப் பேசாதீங்க."

நான் அதைச் சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன். அப்படிப்பட்ட மாணவி. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க். கல்லூரியிலும் நான்தான் முதல் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஈரப்பதம் என்றால் என்ன என்று சார் கேட்டார். நான் எழுந்து, இரண்டு நாளாக மனப்பாடம் செய்திருந்த விளக்கத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தேன். "குட். உட்காரு" என்றார். மாலை போட்ட மாதிரி இருந்தது. அப்போதுதான் கடைசி பெஞ்சில் தனபாக்கியம் எழுந்தாள்.

"சார், ஆடிக் காத்துல எங்கூட்டுத் தறியில இழை அறுந்துகினே இருக்கும். முடிச்சு போட்டுப் போட்டே எங்கண்ணன் பேஜாராயிடுவாரு. ஐப்பசியில அறாது. ஆனா பாவு, அதான் தறியில நீளவாக்குல ஓடுற நூலு, தொளதொளன்னு ஆயிடும். அது இதுதானா சார்?"

சார் சாக்பீஸை மேஜைமேல் வைத்தார். "அதேதாம்மா" என்றார். அந்த மணி முழுக்க அவளைத்தான் கேட்டார். தறிக்குழிக்குள் குளிர்ச்சியாக இருக்குமா, காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்துவார்களா, எந்த மாதத்தில் நெசவு வேகமாக நடக்கும்... என்னை மறந்தே போனார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் தூக்கம் கெட்டுப் படித்தது நான். நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் வந்து கேட்பது அவளையா?

அதோடு விட்டதா? இல்லை.

கல்லூரியின் பின்பக்கம் கம்பி வேலி போட்ட ஒரு சின்ன இடம். அதில் நாலு காலில் நிற்கிற வெள்ளை மரப்பெட்டி. உள்ளே இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று சும்மா இருக்கும், இன்னொன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். பக்கத்தில் தரையில் மழைமானி. தினமும் காலை எட்டரைக்குப் பெட்டியைத் திறந்து அளவு பார்த்து ரிஜிஸ்தரில் எழுத ஒரு ஆள் வேண்டும். வருஷக் கடைசியில் ஒரு மாணவியைச் சென்னை வானிலை ஆபீசுக்குப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பப்போவதாகவும் சார் சொன்னார்.

சென்னை! நான் அதிகபட்சம் கண்ணமங்கலம் தாண்டி வேலூர் வரைக்கும் போனவள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. எங்கள் அப்பா ரைஸ் மில்லில் மேஸ்திரி. மாப்பிள்ளை கிடைக்கும்வரைதான் காலேஜ் என்பது அவர் கட்சி. சந்தவாசல் பக்கம் ஒரு ஜாதகம் வேறு வந்து காத்திருந்தது. சென்னையிலிருந்து முத்திரை குத்திய கடிதம் ஒன்று என் பெயருக்கு வந்தால் அப்பா வாயடைத்துப்போவார். எனக்கு அந்தப் பத்து நாள் வேண்டும்.

அந்தப் பெட்டியின் சாவியைச் சார் தனபாக்கியத்திடம் கொடுத்தார். காரணமும் சொன்னார். "உன் பஸ் வர்றதே ஒம்பதே கால். அவ நடந்து வந்துடுவா." நியாயமான காரணம். நியாயமான காரணத்தைப்போல எரிச்சலூட்டுவது உலகத்தில் வேறு உண்டா?

அவள் அந்தச் சாவியை, அறுந்த பட்டிழைகளை முறுக்கித் திரித்த ஒரு சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருப்பாள். மாதக்கணக்கில் அந்தச் சிவப்புக் கயிற்றைப் பார்த்துப் பார்த்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. ரிஜிஸ்தரைப் புரட்டித் தப்பு தேடினேன். ஒன்றுமில்லை. மையாவது கொட்டியிருக்கக் கூடாதா?

மாசி மாதம். வானத்தில் பஞ்சு அளவுக்குக்கூட மேகம் கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. என் பையில் பாதி பாட்டில் சீரகத் தண்ணீர். எனக்கு அப்போது அஜீரணக் கோளாறு, அம்மா தினமும் கொதிக்கவைத்துக் கொடுத்தனுப்புவாள். பின்பக்கம் போனேன். யாரும் இல்லை. வேலியைத் தாண்டி, மிச்சம் இருந்ததை மழைமானியில் ஊற்றினேன்.

திட்டம் எப்படி? காலையில் அவள் அளந்து 'மழை' என்று எழுதினால், மாசி வெயிலில் மழை எழுதிய முட்டாள். எழுதாவிட்டால், தண்ணீரை மறைத்த திருடி. எப்படி விழுந்தாலும் அவள் தலையில்தான் விழும். களம்பூர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் எனக்குச் சிரிப்புத்தான்.

மறுநாள் வகுப்பில் சார் ரிஜிஸ்தரோடு வந்தார்.

"இது இன்னாம்மா பாக்கியம்? மானியில நீர் ஏழு மில்லிமீட்டர், மழை இல்லைன்னு எழுதியிருக்கே. கருவி சொல்றதை எழுதணும். நீயா எப்படி முடிவு பண்ணே?"

எனக்கு உள்ளே பொங்கல் வைத்த மாதிரி இருந்தது.

"கருவி சொன்னதையும் எழுதிட்டேன் சார். ஆனா மழை பெய்யல" என்றாள். "விடியக்காலை அஞ்சு மணிக்கு எங்க தெருவுல பாவு நீட்டினாங்க சார். தெரு நீளத்துக்கும் நீட்டி, ஆளாளுக்குப் புடிச்சுகினு கஞ்சி போட்டாங்க. ராத்திரி தூறியிருந்தாலோ, வானம் மூடியிருந்தாலோ நீட்டவே மாட்டாங்க. நாலு சொட்டு விழுந்தாப் போதும், மொத்தப் பாவும் கெட்டுப்பூடும்."

"உங்க தெரு ஒரு மைல் தள்ளி இருக்கு. இங்க மட்டும் பெஞ்சிருக்கலாமே?"

"அதையும் பார்த்தேன் சார். மானியைச் சுத்தி புழுதி அப்படியே கெடந்துச்சு. மழை பெஞ்சா புழுதியில குட்டிக் குட்டியா குழி விழும். விழல. செருப்புத் தடம்தான் இருந்துச்சு."

நான் மெதுவாகக் கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"யாரு?" என்றார் சார்.

பாக்கியம் வகுப்பைச் சுற்றிப் பார்த்தாள். அவள் பார்வை என் பெஞ்சுக்கு வந்தது. ஒரு நொடி நின்றது. அப்புறம் நகர்ந்துவிட்டது.

"தெரியல சார். யாரோ வெளையாட்டுக்குப் பண்ணியிருப்பாங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைத்தான் எட்டு மாசமா கத்திகினு கீறேன். கருவியைப் படிக்க யாரு வேணா கத்துக்கலாம். கருவியைச் சந்தேகப்படத் தெரியணும்."

அன்று மத்தியானமே சென்னைக்குக் கடிதம் போனது. அவள் பெயரில். அதுவரை சார் யாரை அனுப்புவது என்று முடிவு செய்யவில்லையாம். மார்க்கில் நான் முன்னால் இருந்ததால் என் பெயரையும் யோசித்துக்கொண்டிருந்தாராம். இதை அவரே பிற்பாடு சொன்னார். பாட்டிலை அன்று நானே குடித்துத் தொலைத்திருக்கலாம்.

சாயங்காலம் களம்பூரில் இறங்கினேன். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே மில் களம். புழுக்கிய நெல்லைப் பரப்பியிருந்தார்கள். அப்பா நடுவில் நின்று வானத்தைப் பார்த்தார். ஒரு பிடி நெல்லை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். "இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கட்டும்" என்றார் வேலையாட்களிடம். பிறந்ததிலிருந்து தினமும் நான் பார்க்கிற காட்சி அது. ஆடியில் நெல் எவ்வளவு சீக்கிரம் காயும், ஐப்பசியில் ஏன் காயாது என்று அவரை ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருந்தால்... ஈரப்பத வகுப்பில் நானும்தான் எழுந்து நின்றிருப்பேன்.

பொறாமைக்காரர்களின் கஷ்டமே இதுதான். அடுத்தவர் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதில் சொந்த வாசலில் என்ன காய்கிறது என்று தெரிவதில்லை.

அப்பாவோடு சண்டை போட்டு, அம்மா உண்ணாவிரதம் இருந்து, எப்படியோ டிகிரியை முடித்தேன். பாக்கியம் அந்தப் பத்து நாளைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் பரீட்சை எழுதி, அதே ஆபீசில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ரேடியோவில் 'ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்' என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் காது எரியும். பெய்யாமல் போனால் ஓர் அற்ப சந்தோஷம். துணி காயாவிட்டாலும் பரவாயில்லை, அவள் சொன்ன மழை வரக் கூடாது என்று இருந்த நாளும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நாத்தனார் கூடத்தில் புடவைகளுக்கு நடுவே மூழ்கிவிட்டார். பாக்கியம் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வெயிலில் வந்த தாகம். வாயருகே கொண்டுபோனேன்.

சீரகம் மணத்தது.

"இன்னும் வயிறு மக்கர் பண்ணுதா?" என்றாள். "காலேஜ்ல தெனம் இதான குடிப்பே. நீ பாட்டிலைத் தெறந்தா கடைசி பெஞ்சு வரைக்கும் வாசனை வரும்."

டம்ளரைக் கீழே இறக்கினேன். "பாக்கியம்... அன்னிக்கே உனக்கு..."

"மானியைத் தெறந்ததுமே தெரிஞ்சுபோச்சுடி. எந்த ஊரு மேகம் சீரகம் போட்டுப் பெய்யுது?"

"அப்ப ஏன் சார்கிட்ட சொல்லல?"

"சொன்னா உங்கப்பா உன்னைக் காலேஜை விட்டு நிறுத்தியிருப்பாரு. அந்தச் சந்தவாசல் ஜாதகத்தை நெனைச்சு நீ அழுதுகினு இருந்தியே, மறந்துட்டியா?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அதுவுமில்லாம, ரிஜிஸ்தர்ல அளவு எழுதத்தான் கட்டம் கீது. வாசனைக்குக் கட்டம் இல்லியே."

டம்ளரைக் காலி செய்தேன். பதினைந்து வருஷமாக அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. நானாக இருந்தால் பதினைந்து நிமிஷம் தாங்கியிருக்க மாட்டேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், சத்தியமாக.

"உனக்கு மட்டும் எப்படிடி நரைக்கவே இல்ல?" என்றுதான் வந்தது.

முப்பது வருஷம் எழுதிப் பார்த்தால்தான் காலநிலை என்று சார் சொல்லியிருக்கிறார். எனக்குப் பாதிதான் ஆகியிருக்கிறது... மாறினாலும் மாறுவேன்.