பாய்லர்காரர் மாடி ஏறின கதை

சலவை ஆலையின் நிலவறையில் பத்தொன்பது வருடம் பாய்லருக்கு விறகு போட்டவர் அவர். ஊருக்கே அவர் பாய்லர்காரர். சொந்த மச்சினன்கூட அப்படித்தான் கூப்பிடுவான். ஆஸ்பத்திரிப் போர்வையும் ஓட்டல் துண்டும் அவர் கொதிக்கவைத்த தண்ணீரில்தான் வெளுத்தன.

இனிமேல் புகையே ஆகாது என்று முதலாளி மொட்டைமாடி முழுக்க சோலார் தகடுகளைப் பதித்தார். வெயிலே தண்ணீரைச் சுடவைக்கும். நல்ல விஷயம்தான், யார் இல்லை என்றார்கள்?

"யாருக்கும் வேலை போகாது. நீங்க மேல போய்த் தகட்டைத் துடைங்க, அவ்வளவுதான்" என்றார் மேனேஜர்.

பாய்லர்காரர் தலையாட்டிவிட்டு வந்தார். ஆட்டியிருக்கக் கூடாது. மனிதருக்கு உயரம் என்றால் குலைநடுக்கம். நாற்காலிமேல் நின்றாலே கண்ணை இருட்டும். பாதாளத்தில் இருந்தவரை ஆகாயத்துக்கு ஏற்றுவதற்குப் பெயர் முன்னேற்றமாம், கேட்டுக்கொள்ளுங்கள்!

முதல் நாள் ஏணியின் நாலாவது படியில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டார். மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.

"திங்கக்கிழமைக்குள்ள பழகிடுங்க அண்ணே. இல்லேன்னா வேற ஆள் பார்க்கணும்" என்றார் மேனேஜர். மரியாதையாகத்தான் சொன்னார்.

வீட்டில் மூன்று நாள் மூடி மறைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? மனைவி கேட்டேவிட்டாள்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

சொன்னார். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

திங்கட்கிழமை அவளும் கூடவே வந்தாள், தைரியம் சொல்ல. அவர் மூன்று படி ஏறினார். நாலாவதுக்குக் கால் எழும்பவில்லை.

"போதும், இறங்குங்க" என்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். விறுவிறுவென்று ஏறினாள். மதியத்துக்குள் நாற்பது தகடும் கண்ணாடியாக மின்னின. அத்தனை நேரமும் அவர் கீழே ஏணியைக் கட்டிப் பிடித்தபடி நின்றார்.

மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். "அக்கா, நாளையிலேர்ந்து நீங்களே வந்துடறீங்களா?"

அவள் கீழே கணவனைப் பார்த்தாள்.

"வருவா" என்றார் பாய்லர்காரர். வேலை வீட்டைவிட்டுப் போகவில்லை என்ற நிம்மதியில் அவருக்குப் பசிகூட எடுத்தது.

மறுநாள் இருவரும் சேர்ந்தே போனார்கள். அவளை உள்ளே விட்ட காவலாளி, அவரை நிறுத்தினான்.

"நீங்க எதுக்குண்ணே?"

"ஏணி பிடிக்க."

"ஏணியை நேத்து சாயங்காலமே சுவரோட போல்ட்டு போட்டு முறுக்கிட்டாங்களே."

பாய்லர்காரர் கேட்டுக்கு வெளியே இருந்தபடியே மாடியை அண்ணாந்து பார்த்தார்.

"நல்லதுதான். ஆடாது" என்றார். அவளுடைய சாப்பாட்டுத் தூக்கைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.