பாதி எக்கோ பெட்டியில், பாதி மலையில்

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை உயிர்ப்பித்துப் பார்த்தேன். சூடேறியதும் உள்ளிருந்து தூசி வெந்த வாசனை வந்தது. உங்களுக்கு அது கம்ப்யூட்டர் சாகிற வாசனை. எனக்கு ஆடிக் கிருத்திகை.

தொண்ணூறுகளில் எங்கள் மெல்லிசைக் குழுவிடம் ஓர் எக்கோ மிஷின் இருந்தது. தகரப் பெட்டிக்குள் வளையமாக ஓடும் ஒரு துண்டு டேப். கிட்டார் சொன்னதைப் பிடித்துவைத்து, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிச் சொல்லும். ஓட ஓட இதே வாசனைதான். கிட்டார் வாசித்தவர் என் அக்கா வீட்டுக்காரர், பாவா. நான் ரிதம் கிட்டார். அதாவது பாவா வாசிக்கும்போது பக்கத்தில் கையை ஆட்டிக்கொண்டு நிற்பவன். கல்யாண வீடியோக்களில் என்னைத்தான் அதிகம் எடுத்திருப்பார்கள். சட்டை அப்படி.

ஆடிக் கிருத்திகைக்கு முருகன் கோயில் மலையடிவாரத்தில் மேடை. காவடிகள் ஏறிக்கொண்டே இருக்கும். பாவா ஒரு தந்தியைச் சுண்டினால் மிஷின் ஒருமுறை பதில் சொல்லும். அப்புறம், தாமதமாக, மலை சொல்லும். அதே மிஷினோடு அதே பாட்டைப் பொதட்டூர்பேட்டைக்குக் கொண்டுபோனோம். முன்வரிசையில் இருந்த நெசவுக்காரர் ஒருவர், "இன்னாப்பா, பாட்டு நொண்டிகினு வருது?" என்றார். பாவா டேப்பை மாற்றினார். எதற்கும் இருக்கட்டும் என்று நான் என் தந்திகளை மாற்றினேன். பாட்டு நொண்டிக்கொண்டேதான் இருந்தது.

பிறகு கீபோர்டு வந்து எங்களில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பியது. மிஷின் பழைய இரும்புக்குப் போனது. வருடக்கணக்கில் ஸ்பீக்கருக்கு முன்னால் நின்ற பாவாவின் இடது காது போனது. வலதும் போய்விடும் என்று அரக்கோணத்து டாக்டர் சொன்ன அன்று, திரும்பும் பஸ்ஸில் பாவா கேட்டார்:

"மச்சான், அந்த எக்கோவ இன்னொரு தபா கேக்கணும்டா. முடியுமா?"

முடியும் என்றேன். கம்ப்யூட்டர் இருந்தது, ரிக்கார்டிங் சாஃப்ட்வேர் இருந்தது, அறிவு மட்டும் வரவேண்டியிருந்தது. பாவாவை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, எக்கோ சேர்த்து, ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

"சுத்தமா கீது. நம்முது அழுக்குடா."

அழுக்காக்கினேன். கூர்மையைக் குறைத்தேன், இரைச்சலைக் கலந்தேன், டேப்பில் ஒட்டுப்போட்ட இடம் கடக்கும்போது வருகிற தடுமாற்றத்தைக்கூடச் சேர்த்தேன். எஞ்சினியர்கள் பாடுபட்டு ஒழித்த குறைகளை நான் பாடுபட்டுத் திரும்பக் கொண்டுவந்தேன்.

"கிட்ட வந்துட்ட. ஆனா நொண்டுதுடா."

சொன்ன வேகத்தில் பாவாவே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் அந்த நெசவுக்காரர்தான் ஞாபகம். மிஷினின் வேகத்தைப் பாவா திருகிவைத்தது மலையடிவாரத்தில் நின்று. மலையின் பதிலையும் சேர்த்துக் கேட்டு. அந்த மலை பதில் சொல்லாத ஊரில் நாங்கள் பாதிப் பாட்டைத்தான் வாசித்திருக்கிறோம்.

மறுநாள் பாவாவோடு போய், மேடை போடும் இடத்தில் நின்று கைதட்டினேன். மலைக்கும் எங்களுக்கும் நடுவே லாட்ஜுகள். எதுவும் திரும்பி வரவில்லை. ஓர் ஆட்டோக்காரர் மட்டும் வந்து, "எங்க சார் போவணும்?" என்றார்.

பாவா என் தோளில் விரலால் தட்டினார். பொறுத்து, மெதுவாக இன்னொரு தட்டு.

"இதான்டா மலை."

அந்த இடைவெளியைத் தோளிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, இரண்டாவது எக்கோவாகக் கம்ப்யூட்டரில் இறக்கினேன். பாவா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்த பிறகும் ஹெட்போனைக் கழற்றவில்லை. அக்கா எட்டிப் பார்த்து, "டேய், இன்னாடா ஆச்சி அவருக்கு?" என்றாள்.

"ஆங்... வந்துச்சி," என்றார் பாவா, யாரிடம் என்றில்லாமல்.

அடுத்த மழைக்காலத்துக்குள் வலது காதும் போய்விட்டது.

இன்று அதே கம்ப்யூட்டரில் அந்தப் பதிவு திறந்தது. கேட்டேன். சரியாகத்தான் இருப்பதுபோல் தோன்றுகிறது. ஆனால் அதைச் சொல்லத் தெரிந்த காது என்னுடையது அல்ல. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பாவாவின் பின்னால் போய் நின்று, தோளில் ஒரு தட்டுத் தட்டினேன். பொறுத்து, மெதுவாக இன்னொன்று.

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் பாவா சொன்னார்:

"சீக்கிரம் வந்துட்ட மச்சான். மலை அவ்ளோ அவசரப்படாது."