தண்டவாளம் இல்லாத லைன்

ரயில் எந்த இடத்தில் நின்றது என்று இதில் எழுதப் போவதில்லை. அன்று நாங்கள் செய்தது செய்யக்கூடாத காரியம். வாலாஜாபாத்தில் ஏறினோம், ஜங்ஷன் வருவதற்கு முன்னால் வண்டி நின்றுபோனது. அவ்வளவு போதும். அந்த வண்டியில் தினமும் போகிறவர்களுக்கு இடம் தானாகப் புரிந்துவிடும்.

எங்கள் பாதையில் ஒரே ஒரு லைன்தான். எதிரே ஒரு வண்டி வந்தால் இந்த வண்டி ஏதாவது ஒரு ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்க வேண்டும். கிராசிங் என்பார்கள். ஐந்து நிமிடம் என்று நினைத்து உட்கார்ந்தால் அரை மணி நேரம் போய்விடும். காலையில் பெட்டிக்குள் நாஷ்டா சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவி, ஒரு தூக்கமும் தூங்கி எழுந்தவர்கள் உண்டு. மாலையில் அதே பெட்டியில் கீரை ஆய்ந்து முடித்து இறங்குகிற பெண்கள் உண்டு.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு ஒரு ஊரில் கால் தங்காது. ஒரு வருடம் முழுதாக ஒரே முதலாளியிடம் இருந்ததில்லை. அதிக நாள் செய்த வேலை என்றால் இரண்டாவது லைனுக்கு மண் கொட்டின வேலைதான். பதினோரு மாதம். இருக்கிற லைனுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கரை எழுப்பினோம். லாரியில் வரும் மண்ணை முழங்கால் உயரத்துக்குக்கூட ஒரே தடவையில் கொட்ட விடமாட்டார்கள். ஒரு சாண் மண், அதன்மேல் தண்ணீர், அதன்மேல் ரோலர். பிறகு ஒருவர் வந்து அந்த மண்ணைக் குடைந்து எடுத்துச் சோதனை பார்ப்பார். அவர் தலையாட்டினால்தான் அடுத்த சாண். ஒரு முறை அவர் தலையாட்டவில்லை. மூன்று நாள் போட்ட மண்ணை முழுக்க வழித்தெடுத்துவிட்டுத் திரும்பப் போட்டோம். வெயிலில் அதைச் செய்யும்போது அவரைத் திட்டாத வாய் இல்லை.

கரைக்கு நடுவே ஏரியின் உபரித் தண்ணீர் போகும் ஒரு பெரிய கால்வாய் வரும். அதன்மேல் கான்கிரீட்டில் பாலம் கட்டினார்கள். பாலமும் மண்ணும் சேருகிற இடத்தில் ரோலர் போகாது, பாலத்தின் சுவர் இடிபடும். அங்கே ஆட்கள்தான் இறங்க வேண்டும். அந்த மூலையில் மண்ணைப் பரப்பி, திமிசுக்கட்டையால் இடித்து இடித்து இறுக்கினது நானும் இன்னும் மூன்று பேரும். எந்தக் கரையாக இருந்தாலும் முதலில் உள்வாங்குவது அந்த மூலைதான் என்று மேஸ்திரி சொல்லுவார். அதனால் அவர் கிளம்பின பிறகும் கூட நாங்கள் இடித்திருக்கிறோம்.

ஒரு நாள் ரோலரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் எங்களை வரவேண்டாம் என்றார்கள். வேலை ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை. கூலிக்கு வந்தவனிடம் சொல்லிவிட்டு நிறுத்துகிற வழக்கம் எங்கேயும் இல்லை. கரை மட்டும் கிடந்தது. இரண்டு மழைக்காலத்தில் அதன் சரிவெல்லாம் சீமைக்கருவேல் முளைத்து மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஜங்ஷனைத் தாண்டி ஒரு குடோனில் மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் அந்தக் கரையை ஒட்டியே ரயிலில் போனேன். சேர்ந்த புதிதில் வாய் சும்மா இருக்காமல், இதைப் போட்டது நான்தான், அடுத்த பொங்கலுக்குள் இரண்டு லைன் ஓடும் என்று பெட்டி முழுக்கச் சொல்லிவைத்தேன். பொங்கல் வந்தது. அடுத்த பொங்கலும் வந்தது. பெட்டியில் என் பெயர் லைன்காரர் ஆனது. வண்டி கிராசிங்கில் நின்றால் யாராவது ஒருவர், "லைன்காரரே, உன் லைன்ல வண்டி வந்துகினு கீதா பாரு" என்பார். நானும் எட்டிப் பார்த்து, ஆடு வந்துகினு கீது என்பேன். சிரிப்பார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு ஆளிடம்தான். எங்கள் வீடு உத்திரமேரூருக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் ஒரு காலனியில் இருக்கிறது. இரண்டு வீடு தள்ளி ஒரு பெண். என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். நாற்று நடுவாள், களை எடுப்பாள். அவள் கணவன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய், வீட்டோடு கிடந்தான். நடவு வேலை வருடத்தில் சில வாரம்தான். குடோனுக்குப் பக்கத்தில் மாத்திரைகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னவன் நான். எட்டு மணிக்குள் அங்கே நிற்க வேண்டுமே, இந்த ரயிலை நம்பி எப்படிப் போவது என்று அவள் தயங்கினாள். அப்போது அவள் வாசலில் நின்றுகொண்டு சொன்னேன்.

"அடுத்த பொங்கலுக்கு ரெண்டு லைன் ஆயிடும்மா. கிராசிங்கே கெடையாது. நான் போட்ட கரை, எனக்குத் தெரியாதா?"

அவள் சேர்ந்துவிட்டாள். அந்தச் சம்பளத்தில்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. கம்பெனியில் ஒரு சட்டம். எட்டு மணிக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் லேட். ஒரு மாதத்தில் மூன்று லேட் வந்தால் காண்ட்ராக்டர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார். வாசலில் வேலை கேட்டு வேறு ஆட்கள் நின்றுகொண்டே இருப்பார்கள், எடுத்த பெயரைத் திரும்பச் சேர்க்கமாட்டார்கள்.

நான் சொல்லும் நாளன்று அந்த மாதத்தில் அவளுக்கு ஏற்கெனவே இரண்டு லேட் ஆகியிருந்தது. இரண்டும் ரயிலால் வந்தது.

முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து வண்டியில் ஏறினோம். வண்டி நேரத்துக்கே கிளம்பியது. எல்லோரும் நல்ல முகத்தோடு இருந்தார்கள். பிறகு ஸ்டேஷன் எதுவும் இல்லாத வெட்டவெளியில், பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு நின்றது. பத்து நிமிடம். பதினைந்து நிமிடம். ஒருவர் பின்னால் போய்க் கார்டிடம் கேட்டுவிட்டு வந்தார். முன்னால் சிக்னல் வேலை செய்யவில்லை, சரி பண்ண ஆள் வந்துகொண்டிருக்கிறார், எவ்வளவு நேரம் என்று தெரியாது என்றாராம்.

அவள் கைபேசியில் நேரத்தைப் பார்த்துப் பார்த்து மூடினாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு தடவை மட்டும் கேட்டாள்.

"ரோடு எந்தப் பக்கம்ணா கீது?"

ரோடு வலது பக்கம் இருந்தது, தூரத்தில் லாரிகள் போவது தெரிந்தது. ஆனால் நடுவில் வயல். அந்த வாரம் பெய்த மழையில் வரப்பெல்லாம் முழுகிக் கிடந்தது. முன்னால் ஒரு கிலோமீட்டரில் லெவல் கிராசிங், அங்கே போய்விட்டால் ஷேர் ஆட்டோ கிடைக்கும். அதற்கு நடுவில் கால்வாய். ரயில் பாலத்தின்மேல் நடக்க முடியாது. இரும்பும் கட்டையும்தான், இடையில் ஓட்டை, கீழே தண்ணீர். எப்போது வண்டி வரும் என்றும் தெரியாது. மிச்சம் இருந்தது ஒரே வழி.

நம்ம கரை மேல் போகலாம் என்று சொன்னேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒருவர் திருப்புட்குழிப் பக்கத்து மனிதர். கோயில் குடும்பம், ஜங்ஷனில் ஏதோ ஆபீசில் வேலை. இரண்டாவது லைன் கேட்டு வருடத்துக்கு இரண்டு மனு எழுதுவார். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். நாங்கள் அவரை சார் என்போம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு மழை போயிருக்கு. பாலத்துகிட்ட கரை அறுந்துபோச்சுன்னு சொல்றாங்களே. நீங்க பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. அதுதான் உண்மை. வேலை நின்ற பிறகு நான் அந்தக் கரையில் கால் வைக்கவில்லை. ரயிலிலிருந்து பார்த்தால் முள்ளுதான் தெரியும். பாலத்தோடு மண் சேர்கிற மூலை இருக்கிறதா, தண்ணீரோடு போய்விட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அறுந்திருந்தால் பாதி தூரம் போய்த் திரும்ப வேண்டும். திரும்புவதற்குள் வண்டி கிளம்பிவிட்டால் அவளுக்கு மூன்றாவது லேட், மற்றவர்களுக்கும் அன்றைய நாள் போச்சு.

"பார்க்கல சார். ஆனா அந்த மூலையை இடிச்சது நானு. போயிருக்காது" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அப்ப எறங்குவோம்" என்றார்.

அந்த வண்டியின் படி தரையிலிருந்து ஏறக்குறைய நெஞ்சு உயரத்தில் இருக்கும். ஸ்டேஷனில் தெரியாது, வெட்டவெளியில் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். நான் முதலில் குதித்து, ஒவ்வொருவராகக் கை கொடுத்து இறக்கினேன். சாரும் கையை நீட்டினார். எங்கள் காலனி ஆள் ஒருவர் கையை அவர் வீட்டில் யாராவது பிடித்திருப்பார்களா என்று தெரியாது. அவர் இறுக்கிப் பிடித்தார், வழுக்கும் என்ற பயம். மொத்தம் பதினேழு பேர் இறங்கினோம். ஜன்னல் வழியே ஒருவர், லைன்காரர் வண்டி எடுத்துட்டாரு, டிக்கெட் வாங்கினீங்களா என்று கத்தினார்.

முள்ளை ஒதுக்கிக்கொண்டு சரிவில் ஏறினால் மேலே கரை சுத்தமாக இருந்தது. சரிவில்தான் கருவேல், மேல்தளத்தில் புல்லும் ஆட்டுப் புழுக்கையும். இரு பக்கமும் வயலில் தண்ணீர் நின்றது, கரை மேல் ஒரு குட்டைகூட இல்லை. தண்ணீர் வழிந்தோட நடுவில் உயர்த்தி இரு பக்கமும் சரித்துப் போட்டிருந்தோம். அது அப்படியே இருந்தது. எனக்குப் பயம் பாலத்தைப் பற்றித்தான். அவள் எனக்கு முன்னால் போனாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேற்று வரப்பில் பழகின நடையில், யாரையும் பார்க்காமல் போனாள்.

வளைவு ஒன்று திரும்பினதும் பாலம் தெரிந்தது. அவள் நின்றுவிட்டாள். நான் ஓடினேன்.

கால்வாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வயல்காரர்கள் போட்ட வரப்புகளைக்கூட அது அரித்துத் தின்றிருந்தது. எங்கள் மூலை நின்றது. சரிவில் பதித்த புல்லில் கொஞ்சம் உரிந்திருந்தது, அவ்வளவுதான். மண்ணும் கான்கிரீட்டும் சேருகிற கோட்டில் உட்கார்ந்து விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு விரல் கனம்கூட இறங்கவில்லை. மேலே ஏறிக் குதித்தும் பார்த்தேன். பின்னால் வந்த சார், போதும் போதும், நம்பறோம் என்றார்.

பாலத்தின்மேல் பதினேழு பேரும் வரிசையாக நடந்தோம். கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை என்பதால் நடுவிலேயே போகச் சொன்னேன். இரண்டு கல்லூரிப் பெண்கள் பாலத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். அவசரப்படுத்தியும் கேட்கவில்லை.

லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருந்ததால் ஷேர் ஆட்டோ ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதை வந்த வழியே திருப்பச் சொல்லி, ஜங்ஷன் பக்கம் போகிறவர்களாக எட்டுப் பேர் ஏறினோம். கம்பெனி வாசலிலேயே விடச் சொன்னாள். டிரைவர் முனகினார். சார், தான் ஜங்ஷனில் இறங்க வேண்டியதை விட்டுவிட்டு, முதல்ல அந்தம்மாவை விடுங்க, அப்புறம் என்னைக் கொண்டாந்து விடுங்க என்றார்.

கம்பெனி வாசலில் இறங்கும்போது ஏழு ஐம்பத்தேழு. நானும் அவளோடு இறங்கினேன். வாசலில் விரல் வைக்கும் மெஷின். அவள் விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. திரும்ப வைத்தாள். சிவப்பு. நாற்று நட்ட விரல், இப்போது நாள் முழுக்க ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிற விரல், ரேகை எங்கே இருக்கும்? செக்யூரிட்டி, "மெதுவா வைம்மா, அழுத்தாத" என்றார். ஏழு ஐம்பத்தெட்டு. அவள் விரலைப் புடவையில் துடைத்தாள், வாயருகே வைத்து ஊதினாள், வைத்தாள். சிவப்பு. செக்யூரிட்டி வேறு விரலை வைக்கச் சொன்னார். நடுவிரலை வைத்தாள். பச்சை எரிந்து, மணி ஏழு ஐம்பத்தொன்பது என்று காட்டியது.

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். எனக்கு அது சரியாகப் பட்டது. நான் குடோனுக்கு நடந்தேன். எங்கள் ரயில் அன்று ஒன்பதரைக்கு வந்ததாகப் பிறகு சொன்னார்கள்.

மாலை வண்டியில் விஷயம் எங்களுக்கு முன்னால் ஏறியிருந்தது. அந்த இடம் வந்ததும் ஒரு பக்கத்து ஜன்னல்களில் எல்லோரும் கூடிவிட்டார்கள். எந்த இடம் என்று கேட்டார்கள். கருவேலுக்கு நடுவே ஒரு கணம் கான்கிரீட் வெள்ளையாகத் தெரிந்தது. கை நீட்டிக் காட்டினேன். திருப்பூரில் பனியன் மடித்திருக்கிறேன், பெங்களூரில் ஓட்டலில் மாவாட்டியிருக்கிறேன், ஆந்திராவில் செங்கல் அறுத்திருக்கிறேன். அதெல்லாம் யார் உடம்பில், யார் வயிற்றில், யார் சுவரில் போயிற்றோ. இதுதான் என்று விரலை நீட்டி ஒரு பொருளைக் காட்டினது என் வாழ்க்கையில் அன்றுதான். நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அதை மறைக்கவில்லை.

அவள் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு, டப்பாவில் மிச்சம் இருந்த வேர்க்கடலையை என் கையில் கொட்டினாள்.

"நல்லாத்தான் போட்டு வச்சிகீறீங்க" என்றாள். டப்பாவை மூடிப் பையில் வைத்துவிட்டுக் கேட்டாள். "மெய்யா சொல்லுண்ணா. எப்பதான் வண்டி வுடுவாங்க?"

அடுத்த பொங்கல் என்று வாய் வரைக்கும் வந்தது. கடலையை மென்றுகொண்டே யோசித்தேன்.

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "கரை ரெடியா கீது."